கன்னம் படுகிற இடம்

ஒட்டு வைத்த மரத்துண்டு தரையில் கிடந்தது. முந்தின நாள்தான் அந்தப் பழைய துப்பாக்கியின் மரக்கட்டையில், கன்னம் படுகிற இடத்தில் பெயர்ந்துபோன பள்ளத்துக்கு வரியோடு வரி சேரும்படி ஒரு துண்டைச் செதுக்கி, பசை தடவி, சைக்கிள் டியூப் பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டு, பக்கத்தில் ஓடிய விரிசலை மறுநாளைக்கென்று விட்டுவிட்டுப் பட்டறையைப் பூட்டியிருந்தாள். இப்போது பட்டை அறுபட்டிருந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. மற்றொரு சாவி அவள் கணவரிடம் இருக்கிறது.

கடையை விற்றுவிட்டுத் தன் அண்ணன் ஊருக்கே போய்விடலாம் என்று மனுஷர் நச்சரிப்பது இன்று நேற்றா? இந்த வேலை கெட்டால் இனி ஒருத்தனும் அவளை நம்பிப் பழைய துப்பாக்கியைக் கொண்டுவர மாட்டான். அப்புறம் கடைக்கு மூடுவிழாதான். அது தெரிந்தேதான் செய்கிறார்.

மத்தியானம் அவர் தாடையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றார். வெளியே மழை.

"பட்டையை அறுத்தது நீங்கதானே?"

"வாயே திறக்க முடியலம்மா. அதான் அறுத்தேன்." பல்லைக் கடித்தபடியே பேசினார். "அந்தக் கட்டையத் திருப்பிக் குடுத்துடு. விரிசல்ல மட்டும் கை வெக்காத."

"ஏனாம்?"

"சொன்னா நம்புவியா?"

"மாட்டேன். என் பொழப்புக்கே ஆப்பு வெக்கிறீங்க, உங்களை எப்படி நம்பறது?"

அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

விரிசலை ஒட்டவேண்டுமானால் முதலில் அதை விரிக்கவேண்டும். மயிரிழை விரிசலுக்குள் பசை இறங்காது. மெல்லிய ஆப்பை மெதுவாகத் தட்டி, வாயைத் திறந்து, பசையை ஊற்றி, ஆப்பை உருவிவிட்டுக் கட்டுவார்கள். அவள் கட்டையை மடியில் சாய்த்தாள். ஆளிவிதை எண்ணெயும் காய்ந்த பசையும் ஈரச் சுவருமாக மணந்த அந்த அறையில் இன்னொரு வாசனையும் இருந்தது. சவர சோப்பு. துப்பாக்கி வந்த அன்றைக்கே அவர் இதைக் கன்னத்தில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக் குறி பார்த்து விளையாடினாரே, அதுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள். நேற்று வழவழவென்று தேய்த்துவைத்த இடத்தில் விரலை ஓட்டினாள். சொரசொரவென்றிருந்தது, ஷேவ் செய்து இரண்டு நாளான தாடை மாதிரி. மரம் வெதுவெதுப்பாகவும் இருந்தது. மழை நாளில் மரம் எப்படிச் சுடும்?

சே, மனசைக் கெடுத்துவிட்டார் மனுஷர். ஆப்பை விரிசலில் வைத்துத் தட்டினாள்.

வாசலில் ஏதோ விழுந்தது.

நடிப்பு. அவளுக்குத் தெரியாதா அவர் நடிப்பு? இன்னொரு தட்டு. விரிசல் ஓடியது. மரம் பிளக்கிற சத்தமும் கேட்டது.

ஆனால் மடியிலிருந்து கேட்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம்.

"என்னங்க?"

தட்டுவதை நிறுத்திக் காது கொடுத்தாள். மழை மட்டும்.

"என்னங்க... விளையாடாதீங்க."

கதவை நகம் கீறியது. கீழே, தரையோடு.

தாழ்ப்பாளை எடுத்தாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். துண்டு அவிழ்ந்து கிடந்தது. காதிலிருந்து மோவாய் வரை கன்னம் பிளந்திருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. உள்ளே மரம். வரி வரியாக, பழுப்பு மரம். அதன் நடுவில் அவளுடைய ஆப்பின் முனை.

கண்கள் மட்டும் உயிரோடு அவளையே பார்த்தன. உதடு அசைந்தது. உருவச் சொல்கிறாரா, உருவாதே என்கிறாரா? அவளுக்குப் புரியவில்லை.