நீலம் காட்டிச் செத்தவன்

பங்குனி மாதத்தில் ஒரு காலை, சாம்பமூர்த்தி குருக்களை ஜட்கா வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். நெஞ்சுவலி. அதோடு பழைய சர்க்கரை நோய். செங்கம் ரோட்டில் எங்கள் தர்ம ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் எட்டுக் கட்டில். ஏழு நிறைந்திருந்தது. மிச்சம் மூன்றாம் நம்பர்.

"அது வேணாங்க," என்றேன்.

கம்பவுண்டர் மௌலி என் பக்கம் திரும்பவே இல்லை. "கட்டிலுக்கு ஜாதகம் பாக்கறியா சடையா? படுக்க வை."

படுக்க வைத்தேன். கல் உடைத்துக்கொண்டிருந்தவனுக்கு வார்டு வேலை கிடைத்ததே பெரிசு. எதிர்த்துப் பேசினால் மறுபடி மலையடிவாரம், சம்மட்டி.

போன கார்த்திகையில் அந்தக் கட்டிலில் கிடந்தவன் இருசப்பன். கீழ்பென்னாத்தூர்க் கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்கிய உடம்பு. அவனுக்கும் இதே இரண்டு நோய். தீபத்தன்று காலையில் மௌலி வழக்கம்போல இன்சுலின் ஊசி போட்டான். இருசப்பனோ மலைமேல் தீபம் தெரிகிறவரை பட்டினி விரதம். கொடுத்த ரொட்டியைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டான். சாயங்காலம் நாலு மணிக்கு அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. கை வெடவெடவென்று நடுங்கியது. கொஞ்சம் சக்கரை கொடு என்று என்னைக் கெஞ்சினான்.

மௌலி சிரித்தான். "சர்க்கரை நோய்க்காரன் சர்க்கரை கேக்கறான். குடிகாரன் சாராயம் கேக்கற மாதிரி."

நானும் கூடச் சிரித்தேன். நாய்க்கு எலும்பு போடுகிறவன் சிரித்தால் நாயும் வாலாட்டும்.

நோயாளிகளின் மூத்திரத்தை மருந்து கலந்து காய்ச்சுவது என் வேலை. சர்க்கரை ஜாஸ்தி என்றால் செங்கல் நிறம் வரும். சுத்தமாக இல்லை என்றால் நீலம். அன்று இருசப்பனுடையது பளிச்சென்ற நீலம். மௌலி கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பிள்ளை பரீட்சையில் தேறிவிட்டதுபோல எல்லோருக்கும் காட்டினான். தீபம் ஏற்றுமுன் இருசப்பன் செத்தான்.

டாக்டர் வந்து அவன் பெண்டாட்டியை விசாரித்தார். வெறும் வயிற்றில் ஊசி போட்டால் ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும், அதுதான் ஆளைக் கொன்றது என்று மௌலியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். என் காதிலும் விழுந்தது. புத்தகத்தில் மாரடைப்பு என்று எழுதினார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

அன்றிலிருந்து மூன்றாம் நம்பர் மெத்தை காயவில்லை. வெயிலில் போட்டால் காயும். கட்டிலில் போட்டால் மறுபடி ஈரம். கூரை ஒழுகுகிறது என்றான் மௌலி. மழை பெய்து நாலு மாதம் ஆகியிருந்தது.

குருக்கள் ஆஸ்பத்திரிக் கஞ்சியைத் தொடமாட்டார். மடி. வீட்டிலிருந்துதான் வரவேண்டும். அவர் வந்த நாலாம் நாள் கோயிலில் உற்சவம், வீட்டார் எல்லாம் அங்கே. ஊசி ஏழு மணிக்கே ஏறிவிட்டது. பத்தரை ஆகியும் சாப்பாடு வரவில்லை.

நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

இன்னொன்று.

கட்டிலுக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. மூத்திர வாடை இல்லை. மூட்டை இறக்கிவிட்டு வந்து நிற்கிறவன்மேல் அடிக்கும் வேர்வை வாடை.

நிமிர்ந்தேன். குருக்கள் கண் செருகிச் சுவரோரம் ஒடுங்கிக் கிடந்தார். மெத்தையின் மறுபாதியில் யாரும் இல்லை. ஆனால் அது ஒரு கனத்த ஆள் அளவுக்கு அமுங்கியிருந்தது. அங்கிருந்துதான் சொட்டியது.

ஈர விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்தன.

சில்லென்று. நடுங்கிக்கொண்டே.

"கொஞ்சம் சக்கரை குடுண்ணே."

ஓடியிருப்பேன். பிடி விடவில்லை. வராண்டாவில் மௌலியின் செருப்புச் சத்தம் கேட்டது. வந்தால் நெஞ்சுவலி என்று இன்னொரு ஊசி குத்துவான். குருக்களும் நீலம் காட்டிச் செத்துப்போவார்.

"குடுக்கறேன்," என்றேன்.

பிடி விட்டது.

மௌலி தன் காபிக்கு வைத்திருந்த சர்க்கரை டப்பாவை எடுத்துவந்து, விரலில் தொட்டுத் தொட்டுக் குருக்களின் ஈறில் தேய்த்தேன். கல் உடைத்த விரல், கஞ்சியைக்கூடத் தொடாத வாய். மௌலி வந்து கத்தினான். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையா, இன்றோடு உன் சீட்டைக் கிழிக்கிறேன் என்றான். நான் நிறுத்தவில்லை.

கால் மணி நேரத்தில் குருக்கள் கண்ணைத் திறந்தார். எங்களைப் பார்க்கவில்லை. பக்கத்தில் பார்த்தார்.

"அவனுக்கும் கொஞ்சம் குடுப்பா," என்று முணுமுணுத்தார். "பாவம், நடுங்கறான்."

மௌலி அமுங்கிய மெத்தையைப் பார்த்தான். அவன் முகத்தில் முதல்முறையாக அறிவு மாதிரி ஏதோ தெரிந்தது. அறிவு இல்லை, பயம்.

குருக்கள் பிழைத்து வீடு போனார். மெத்தையை எரித்தோம். மூன்றாம் நம்பரில் இப்போது வெறும் இரும்புச் சட்டம்தான். யாரையும் படுக்க வைப்பதில்லை. டாக்டர் சொல்லித் திருந்தாத மௌலி, இன்சுலின் போடுமுன் ஒவ்வொரு கட்டிலாக நின்று, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறான். ஒன்றாம் நம்பர், ஆச்சு என்கிறது. இரண்டாம் நம்பர், ஆச்சுங்க என்கிறது. மூன்றாவதை மட்டும் கேட்காமல், தலையைக் குனிந்துகொண்டு வேகமாகத் தாண்டுகிறான்.

கேட்காவிட்டாலும் பதில் வருகிறது.

"இன்னும் இல்லீங்க."