தானாய்க் குறைந்த ரெகுலேட்டர்

அக்கா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்ததால், ஆல்வின் மச்சானின் பேட்டரிக் கடைக்கு ஒத்தாசையாகத் திண்டுக்கல் வந்து இறங்கினேன். பகலெல்லாம் கரண்ட் போய்ப் போய் வந்த 2008ஆம் வருடம் அது.

கடையின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத சார்ஜ் அறை. சுவரில் கரி படிந்திருந்தது. ஆசிட் நெடிக்கு அடியில் இன்னொரு வாசம்.

புகையிலை.

மச்சானுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"இது ஜெல் பேட்டரி. தண்ணி ஊத்தக் கூடாது. மெதுவாத்தான் ஏத்தணும். அவசரப்பட்டா உப்பி வெடிச்சிரும்," என்றார். "இங்க வேலை பாத்த பொம்மையன், சொல்லச் சொல்லக் கேக்காம சார்ஜர் ரெகுலேட்டரைக் கூட்டுனான். போய்ச் சேந்தான். எந்நேரமும் பொகையில மெல்லுறவனுக்குப் புத்தி எங்கிட்டு இருக்கும்?"

சொன்ன கையோடு, அவரே ரெகுலேட்டரைக் கடைசி எண்ணான ஐந்தில் வைத்தார்.

"இதை மாட்டிட்டுப் போகக் கீரனூர்க்காரரு நாலு மணிக்குக் காரோட வந்துருவாரு. நீ பக்கத்துலயே உக்காந்து பாத்துக்க."

அவர் மட்டும் கடை வாசலுக்குப் போய்விட்டார்.

மீட்டர் முள் ஏறியது. பேட்டரியின் பக்கம் லேசாகப் புடைத்தது.

டக்.

ரெகுலேட்டர் நான்குக்கு இறங்கியது. மூன்று. இரண்டு. ஒன்று.

என் இரண்டு கைகளும் மடியில்தான் இருந்தன.

மச்சான் வந்து பார்த்தார். "ஏ புள்ள அன்னாள், யாரு குறைச்சது?"

"நான் தொடல மச்சான்."

"அப்ப பேயா வந்து குறைச்சுச்சு?" மறுபடி ஐந்தில் வைத்தார்.

"மெதுவாத்தான் ஏத்தணும்னீகளே..." கரி படிந்த சுவரைப் பார்த்தேன். "அன்னிக்கும் நீங்கதான் கூட்டுனீகளா?"

அவர் கண்களும் சுவரின் கரிக்குப் போய்த் திரும்பின.

அப்போது கரண்ட் போனது.

"நீ வெளிய போ. கரண்டு வர்றப்ப இது அஞ்சுலயே இருக்கணும். யாரு கை வைக்கிறான்னு நானே பாக்குறேன்." டார்ச்சைப் போட்டுக்கொண்டு பேட்டரி அருகில் உட்கார்ந்தார்.

நான் வெளியே வந்தேன். ஈரப் புகையிலை வாசம் என் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது.

கதவு சாத்திக்கொண்டது.

"அன்னாள்... கரண்டு வந்துருச்சா?"

தலைக்கு மேலே விசிறி அசையாமல் நின்றது. "இல்ல மச்சான்."

கதவைத் தள்ளினேன். உள்ளிருந்து யாரோ தோள் கொடுத்து அழுத்திப் பிடித்திருந்தார்கள். மச்சானின் குரலோ அறையின் மறுகோடியிலிருந்து வந்தது.

"அப்ப முள்ளு ஏன் ஏறுது?"