ராஜா அசையக் கூடாது

இளவரசி சிக்னே வந்து கதவைத் தட்டியபோது பிர்கர் அடுப்படியில் மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தவள் டாக்மார். மாடி வீட்டுக்காரி, முப்பது வருஷம் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள். காபி குடிக்க என்று இறங்கி வந்தால், காபி தீர்ந்தாலும் பேச்சுத் தீராது.

வாசலில் நின்றவளின் தலையெல்லாம் பனி. காலில் வீட்டுக்குள் போடும் மெல்லிய செருப்பு. கூடக் காவலுக்கு ஒரு ஆள் இல்லை. தபால்தலையில் பார்த்த முகம்தான் என்று டாக்மாருக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்த ஊரில் மந்திரி முதல் மீன்காரி வரைக்கும் எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தானே?

"என்னம்மா கோலம் இது? உள்ள வா, நீ முதல்ல உக்காரு" என்றாள்.

சிக்னே உட்காரவில்லை. "பிர்கர், அப்பாவைக் காணோம்."

பிர்கர் கத்தியைக் கீழே வைத்தார். பத்து வருஷத்துக்கு முன் அரண்மனைக் காவலுக்கு அவர்தான் தலைவர். பதறுவது என்பது அவருக்குப் பழக்கமில்லாத காரியம். "எப்போலேர்ந்து?"

"காலைலேர்ந்து. பலகாரத் தட்டு வச்சது வச்சபடி திரும்பி வந்துச்சு. ஹால்வரைப் புடிச்சு வச்சிருக்காங்க. அவன்தான் அப்பாவை என்னமோ பண்ணிட்டான்னு போலீஸ் கமிஷனர் ரூட் உறுதியாச் சொல்றான்."

ஹால்வர் ராஜாவின் அணுக்கப் பணியாள். இருபத்தாறு வருஷமாக ராஜாவுக்குச் சட்டைப் பொத்தான் போடுபவன்.

"நேத்து ராத்திரிகூட நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்று சிக்னே அழுதாள். "'ராஜா மாத்திரை போட்டுக்கிட்டாரா?'ன்னு ஹால்வர் கேட்டான். அப்பா 'ஆச்சு'ன்னார். அவ்வளவு அனுசரணையா இருந்தவன்! திங்கக்கிழமை அப்பா நாடாளுமன்றத்தைத் திறந்து வைக்கணும். அதைவிடு, அவர் இதயத்துக்கு இந்தக் குளிர் ஆகாது. பொழுது சாயறதுக்குள்ள கிடைக்கலேன்னா அவர் உயிரோட இருக்க மாட்டார் பிர்கர்."

பிர்கர் கையைக் கழுவிக்கொண்டு தொப்பியை எடுத்தார். யாரும் கூப்பிடாமலே டாக்மாரும் தன் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

அரண்மனைக் கூரையில் கொடிக்கம்பம் மொட்டையாக நின்றது. ராஜா உள்ளே இருந்தால்தான் அவர் கொடி பறக்கும். பிர்கர் காரை விட்டு இறங்கியதும் அண்ணாந்து பார்த்தார்.

"கொடியை எப்ப இறக்கினாங்க?"

"நான் எழுந்திருச்சுப் பாக்கும்போதே இல்லையே" என்றாள் சிக்னே.

"தட்டு திரும்பி வர்றதுக்கு முன்னாடியா?"

"ஆமா, முன்னாடியே."

பிர்கர் தலையாட்டிவிட்டுப் படியேறினார். "என்னய்யா, என்ன?" என்று டாக்மார் அவர் முழங்கையைச் சுரண்டிப் பார்த்தாள். பலிக்கவில்லை.

ராஜாவின் உடை மாற்றும் அறையில் கமிஷனர் ரூட் புலிபோல உலாத்திக்கொண்டிருந்தான். பிர்கரைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது.

"ஓய்வு வாங்கினவங்க ஓய்வா இருக்கணும் பிர்கர். இங்க பாக்க ஒண்ணுமில்ல. குழாயடில ரத்தம், நரைமுடி. ராஜாவோட கோட்டு அத்தனையும் மாட்டினபடி இருக்கு. இந்தக் குளிர்ல கோட்டு இல்லாம எவன் தானா வெளிய போவான்? தூக்கிட்டுப் போயிருக்கானுங்க."

கை கழுவும் தொட்டியில் ரத்தம் இருந்தது உண்மைதான், ஒரே ஒரு சொட்டு. வெள்ளை முடி கொத்துக்கொத்தாகக் கிடந்தது. பக்கத்தில் கத்தரிக்கோல், நுரை காய்ந்த சவரக்கத்தி.

"ஹால்வரை எங்க புடிச்சே?"

"பின்வாசல்ல. காரை ஓட்டிட்டுத் திரும்பி வந்தான். வெறும் சட்டையோட! கோட்டு எங்கடான்னா வாயைத் திறக்கல. பையில கார் சாவியைத் தவிர ஒண்ணுமில்ல. அடையாள அட்டைகூட இல்ல. 'பன்னண்டு மணிக்கு ஒரு மணி நேரம் மட்டும் விடு, திரும்பி வந்து என்ன தண்டனைன்னாலும் வாங்கிக்கறேன்'னு காலைப் புடிச்சான். நான் என்ன பைத்தியமா?"

டாக்மார் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு எப்போதோ தாண்டிவிட்டது.

துணி அடுக்கும் பெண் எப்பாவைக் கூப்பிட்டார்கள். அழுதழுது அவள் மூக்கு தக்காளியாகச் சிவந்திருந்தது.

"விடியக்காலைல துண்டு வைக்க வந்தேன். கதவு சாத்தியிருந்துச்சு. உள்ள ஹால்வர் குரல். 'இப்ப யார் பாத்தாலும் ராஜான்னு அடையாளம் தெரியாது. ராஜா அங்கயே இருக்கணும். நான் வர்ற வரைக்கும் ராஜா அசையவே கூடாது'ன்னான். எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு."

"கூட யாரு?"

"கூட்டாளிதான். 'ம்'னு ஒரு தடவை சொன்னான். வேற பேச்சே இல்ல."

"கேட்டியா? ரெண்டு பேர்!" என்றான் ரூட். "சட்டையைப் புடிச்சு உலுக்கினா ரெண்டாவது ஆள் பேரைக் கக்கிடுவான்."

"ஹால்வரை இங்க கூட்டிட்டு வா" என்றார் பிர்கர்.

கூட்டி வந்தார்கள். உதடு வீங்கியிருந்தது. அவன் யாரையும் பார்க்கவில்லை, கடிகாரத்தையே வெறித்தான்.

பிர்கர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தார். டாக்மாருக்கு அந்த நிதானம் பொறுக்கவில்லை. வெளியே பனி கொட்டுகிறது, இந்த மனுஷன் கல்யாணத்துக்கு வந்தவர்போல உட்காருகிறாரே!

"எப்பா, நீ என்கிட்ட எப்படிப் பேசறே? 'நீ'ன்னு. நான் உன்கிட்ட? 'நீ'ன்னு. இந்த நாட்டுல ஒரே ஒரு ஆளை மட்டும் 'நீ'ன்னும் சொல்றதில்ல, 'நீங்க'ன்னும் சொல்றதில்ல. முகத்துக்கு நேரா நின்னு, வேற யாரையோ பத்திப் பேசற மாதிரி பேசறோம். நேத்து ராத்திரி ஹால்வர் என்ன கேட்டான் சிக்னே?"

"'ராஜா மாத்திரை போட்டுக்கிட்டாரா'ன்னு..." சிக்னேயின் கை வாயைப் பொத்தியது.

"யார்கிட்ட கேட்டான்?"

"அப்பாகிட்டதான்."

"அதேதான் இன்னைக்குக் காலைலயும். கதவுக்கு வெளிய நின்னு எப்பா கேட்டது ராஜாவைப் பத்தின பேச்சு இல்ல. ராஜாகிட்ட பேசின பேச்சு. கூட்டாளி எவனும் கிடையாது. 'ம்'னு சொன்னது ராஜா."

ரூட் உலாத்துவதை நிறுத்தினான்.

"கடத்தறவன் கொடியை இறக்கிட்டா போவான்? தான் இல்லாத வீட்டுல தன் கொடி பறக்கக் கூடாதுன்னு நினைக்கறவர் ஒருத்தர்தான். ஹால்வர்கிட்ட இறக்கச் சொல்லிட்டுப் போயிருக்கார். தொட்டியில கிடக்கறது அவர் தாடி. ரத்தம் சவரக்கத்தி கீறினது. ராஜா கோட்டு இங்க இருக்கு, ஹால்வர் கோட்டு இல்ல. அப்ப ராஜா எதைப் போட்டுக்கிட்டுப் போனார்? ஹால்வர் அட்டையும் இல்ல. எங்க வலிக்குதுன்னு கேக்கறதுக்கு முன்னாடியே அட்டையைக் கேக்கற இடம் எது?"

"ஆஸ்பத்திரி!" என்று டாக்மார் கத்திவிட்டாள்.

"அரண்மனை டாக்டர்கிட்ட காட்டினா அவர் பிரதமர்கிட்ட சொல்லியாகணும். அதனால ஹால்வர்ங்கற பேர்ல போயிருக்கார். என்ன வியாதின்னு சிக்னேதான் சொல்லணும்."

சிக்னே சுவரைப் பிடித்துக்கொண்டாள். "போன மாசம் பாலத் திறப்புக்குப் போனோம். ரிப்பனை வெட்டிட்டு அப்படியே நின்னார். எதுக்கு வந்தோம்னு என்கிட்ட கேட்டார். என்னை அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டார். நான் யார்கிட்டயும் சொல்லல. பயந்துட்டேன்."

ஹால்வர் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "திங்கக்கிழமை எழுந்து நின்னு பேச வார்த்தை வரலேன்னா நாடே பாக்குமேன்னு பயந்தார். நிஜமா மறதி நோய்தானா, கிரீடத்தை இறக்கி வைக்கணுமான்னு தெரிஞ்சுக்கணும்னார். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டார். துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற மறதி நோய்ப் பிரிவுல விட்டேன். பரவாயில்ல, கதகதப்பான கூடம். நாற்காலியை விட்டு அசையாம இருக்கச் சொல்லியிருக்கேன்..."

டாக்மாரின் முகம் வெளுத்தது. அக்கா சாவதற்கு முன் ஒரு வருஷம் அவளை அங்கேதான் வைத்தியத்துக்குக் கூட்டிப் போய்வந்தாள்.

"பாவி மனுஷா! இன்னைக்குச் சனிக்கிழமை. மத்தியானம் ஆனா எல்லாரையும் வெளிய அனுப்பிட்டுப் பூட்டிடுவாங்களே!"

ஹால்வர் போட்ட ஓலத்தில் ரூட்டே இரண்டடி பின்வாங்கினான்.

கார் பாலத்தைத் தாண்டிப் பாய்ந்தது. சிக்னே "இன்னும் வேகமா, இன்னும் வேகமா" என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். டாக்மார் அந்தச் சில்லிட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு பெஞ்ச். அதில், கை மணிக்கட்டை எட்டாத பழுப்புக் கோட்டோடு ஒரு கிழவர். தோளிலும் தலையிலும் பனி அப்பியிருந்தது. தாடி எடுத்த முகம் உரித்த முட்டைபோல வெளுத்து, தாடையில் சின்னக் கீறல். மடியில் பாதி ஏலக்காய் பன். பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, தன் கழுத்துத் துணியை அவர் மேல் சுற்றிக்கொண்டிருந்தாள் டிராமுக்குக் காத்திருந்த ஒரு குண்டு அம்மாள்.

"நீ இவர் பொண்ணா?" என்று அவள் சிக்னே மேல் பாய்ந்தாள். "நல்ல பொண்ணு! பெத்தவரை இப்படியா விட்டுட்டுப் போவே? எழுந்து வாய்யா, டீக்கடைல உக்காரலாம்னு எவ்வளவு கெஞ்சினேன். 'அசையக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க'ன்னு ஒரே புடி. உன் பேரென்னன்னா அதுவும் தெரியல."

சிக்னே பனியில் மண்டியிட்டாள். "அப்பா."

நீல விழிகள் மெல்ல அவள் பக்கம் திரும்பின. ஹால்வரைப் பார்த்தன. எவரிடமும் நிற்கவில்லை. நாற்பது வருஷம் சொன்ன இடத்தில் உட்கார்ந்து, சொன்ன இடத்தில் நின்ற மனிதர், நடுங்கும் உதட்டால் மரியாதையாகக் கேட்டார்:

"ராஜா இப்ப எழுந்திருக்கலாமா?"

டாக்மார் பிர்கரின் காதருகே குனிந்தாள். "யாரைச் சொல்றார்? தன்னையா, வேற யாரையோவா?"

பிர்கர் தொப்பியைக் கழற்றினார். "தெரியல" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து டாக்மார் அதுவரை கேட்டதில்லை.

சிக்னே அப்பாவின் தோளிலிருந்த பனியைத் தட்டிவிட்டாள். அவர் கண்ணைப் பார்த்தாள்.

"எழுந்திருக்கலாம். ராஜா ரொம்ப நேரம் உக்காந்துட்டார். இனி நான் உக்காந்துக்கறேன்."