ஐந்து கிணறு, ஒரே தண்ணீர்

கரமனையில் நீலாம்பாள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே ஷிஜா பேசத் தொடங்கிவிட்டாள்.

"சேச்சி, எங்க சாம்பிளை யாரோ மாத்திட்டாங்க. திங்கக்கிழமை கலெக்டரேட்ல கிணத்துத் தண்ணி பத்தி ஹியரிங். இந்த ரிப்போர்ட்டைக் கொண்டு போனா எல்லாம் போச்சு."

நீலாம்பாள் இருபது வருடம் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். தண்ணீர்த் தகராறு என்றால் இப்போதும் அவரைத் தேடி வருவார்கள். அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் ஹரிகுமார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆரியசாலைக்குப் பின்னால், கால்வாய் ஓரக் குடியிருப்பில் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த நாற்பது குடும்பங்கள். பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. ஷிஜாவும் உடன் படிக்கும் அபிலாஷும் கல்லூரிக் களப்பணிக்காக அங்குள்ள ஐந்து கிணறுகளிலும் தண்ணீர் எடுத்தார்கள். பாட்டில்களை ஐஸ் பெட்டியில் வைத்து, பூமாரி என்பவர் வீட்டில் விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் வீடுவீடாகக் கேள்வித்தாள் நிரப்பினார்கள். பிறகு அபிலாஷ் பெட்டியைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தான். ஐந்திலும் கிருமி இல்லை என்று அறிக்கை வந்தது.

"அபிலாஷோட மாமாவுக்கு செப்டிக் டேங்க் லாரி உண்டு. கால்வாயில கொட்டுறது அந்த லாரிதான்னு ஆளுக சொல்லுது. ரெண்டு நாளா நான் அவன்கிட்ட பேசவே இல்ல."

"அப்போ ஆளு கிடைச்சாச்சு அல்லே!" ஹரிகுமார் எழுந்தே விட்டார்.

நீலாம்பாள் அறிக்கையின் எண்களில் விரலை ஓட்டினார். "பூமாரி வீட்டில ஏதாவது குடிச்சீங்களா?"

"தண்ணி தந்தாங்க. லேசா பிளீச்சிங் பவுடர் வாசம். ஆனா நல்ல தண்ணி."

"குடிதண்ணி எங்கேருந்துன்னு கேட்டப்போ?"

"கிணறுன்னாங்க. அங்க ஒரு வீட்டிலயும் பைப் இல்ல சேச்சி."

"அபிலாஷைப் பூமாரி வீட்டுக்கு வரச் சொல்லு."

பூமாரியின் ஒற்றை அறையில் ஐந்து பேர் நிற்கவே இடம் சரியாக இருந்தது. அபிலாஷ் கதவருகே யார் முகத்தையும் பார்க்காமல் நின்றான்.

"பாட்டில் அஞ்சிலும் குளோரின் இருக்கு," என்றார் நீலாம்பாள். "கிணத்தில பவுடர் போட்டிருக்கலாம்னு வச்சுக்கலாம். ஆனா அஞ்சு கிணத்துக்கும் உப்பு ஒரே அளவு எப்படி வரும்? ஒரே குழாய்த் தண்ணி. அபிலாஷ் இதைப் படிக்கிற பையன். குளோரின் காட்டிக் கொடுக்கும்னு அவனுக்குத் தெரியும். தெரியாத ஒருத்தர்தான் ஊத்தியிருக்கணும். பூமாரி, நீங்க எங்கே வேலை பாக்கறீங்க?"

பூமாரி மூலையிலிருந்த நீலக் கேனைப் பார்த்தார். "ஓட்டல்ல பாத்திரம் கழுவுதேன். தெனமும் ஒரு கேன் தண்ணி கொண்டாருவேன். எம் புள்ளைக்குக் குடிக்க. அதத்தான் ஊத்துனேன்."

கேனை முன்னால் இழுத்து வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"முன்னால இருந்த எடத்துலயும் இப்படித்தான் பாட்டில்ல புடிச்சிட்டுப் போனாவ. கெணத்த மூடிப் பூட்டுப் போட்டாவ. வேற தண்ணி தரல. மூணே மாசத்துல காலி பண்ணிட்டோம். இதையும் மூடிட்டா குளிக்க, தொவைக்க எங்க போவேன்? நாப்பது கேள்வி கேட்டியளே, மூடுனா என்ன செய்வேன்னு ஒருத்தரும் கேக்கலையே."

ஷிஜாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"எங்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றான் அபிலாஷ்.

"சாரிடா," என்றாள். அவன் காலிப் பாட்டில்களை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தான். முதல் வாளியை இறைத்தது பூமாரி.

திங்களன்று கலெக்டரேட்டில் கொடுத்த புதிய அறிக்கையில் ஐந்து கிணற்றிலும் மலக்கிருமி இருந்தது. கால்வாயில் கழிவு கொட்டும் லாரிகளின் எண்களை அபிலாஷே எழுதிக் கொடுத்தான். மாமாவுடையதும் அதில் இருந்தது. கிணறுகளை மூடச் சொல்லி அதிகாரி எழுதத் தொடங்கியதும் பூமாரி எழுந்தார்.

"முதல்ல தண்ணி லாரி வரட்டும் சார். அப்புறம் மூடுங்க."

அதிகாரி எழுதியதை அடித்துவிட்டு, அவர் சொன்ன வரிசையிலேயே மீண்டும் எழுதினார்.

புதன்கிழமை காலை தண்ணீர் லாரி வந்தது. பூமாரி மூன்று குடம் நிரப்பிய பிறகும் தெரு முனையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கும் வருமா ஷிஜா?"

ஷிஜா புறப்பட்டுக்கொண்டிருந்த லாரியின் பின்னால் ஓடி, டிரைவரின் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.