ஸ்ரீகண்டன் வீட்டுக் கார் கொட்டகை

அல்சூர் ஏரிக்கரையில் பாஞ்சாலி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தூறல் பிடித்துக்கொண்டது. பகல் மூன்று மணிதான். ஆனாலும் ஆவணி மேகம் ஏரியின் மேல் கவிந்து, விளக்கு வைக்கும் நேரம்போல் இருட்டிக் கிடந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, யாரையும் வழி கேட்காமல் நடந்தாள். யுத்தகாலத்தில் விமானம் ஓட்டிப் பேர் வாங்கிய ஸ்ரீகண்டனின் வீடு அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பேரை வாங்கித் தந்தது ஒரு படம். 1942-இல் பர்மா விழுந்தபோது, குண்டு மழைக்கு நடுவே கடைசி விமானத்தை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார் ஸ்ரீகண்டன். பின் சீட்டில் அவர் வளர்த்த நாய். அவர் சிரிக்க, நாய் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கும் அந்தப் படம் பத்திரிகைகளில் வந்தது. வாயில்லாப் பிராணியைக்கூடக் கைவிடாத மனசு என்று ஊரே உருகியது. பாஞ்சாலியும் உருகினாள். அந்த விமானத்துக்கு மெக்கானிக்காக இருந்த வெங்கடசாமி அவள் புருஷன்.

வெங்கடசாமி வரவில்லை. சண்டைக்குப் பயந்து ஓடிப்போனான் என்று சர்க்கார் கடுதாசிதான் வந்தது. அப்படி எழுதிக் கொடுத்தவர் ஸ்ரீகண்டன்.

பதினான்கு வருஷம் ஓடிவிட்டது. செத்தான் என்று சொல்லவும் ஆள் இல்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆள் இல்லை. அவள் குடியிருக்கும் நீலசந்திராவில் குழாயடிச் சண்டை வந்தால், "ஓடிப்போனவன் பொண்டாட்டிக்குப் பொட்டு ஒரு கேடா?" என்பார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். மறுநாளும் பொட்டு வைத்துக்கொள்வாள். போன மாதம் மகள் சரளாவைப் பெண் பார்க்க வந்தவர்கள், அப்பன் எங்கே என்று கேட்டுவிட்டு, காப்பியைத் தொடாமலே எழுந்து போனார்கள்.

இந்த நேரத்தில்தான் பிரிஜெட் ஆள் அனுப்பினாள். ஸ்ரீகண்டன் வீட்டில் இருபது வருஷமாகச் சமையல் செய்தவள் அவள். போன வருஷம் ஸ்ரீகண்டன் காலமானார். அவர் அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு மெட்ராஸுக்குப் போய்விட்டாள். விலை போகாத வீட்டுக்குப் பிரிஜெட் காவல். 'உன் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்லணும், வா' என்பது அவள் அனுப்பிய சேதி.

பிரிஜெட் கேட்டருகே குடையோடு நின்றிருந்தாள். "குடையில்லாம வர்றியே, பெங்களூருக்குப் புதுசா நீ? பின்பக்கம் எங்க போறே? முன்வாசல்ல வா. யாரு இருக்கா கேக்க?"

தலை துவட்டத் துண்டு கொடுத்தாள். சூடாகக் காப்பி கொடுத்தாள். பாஞ்சாலி குடித்து முடிக்கும்வரை பேச்சை எடுக்கவில்லை.

"வீடு ஏன் விக்கல பிரிஜெட்டம்மா?"

"விக்குமா? சிவாஜிநகர் துணிக்கடைக்காரர் ஒருத்தர் பாக்க வந்தார். கார் கொட்டகைக்குள்ள போனவர், செருப்பை விட்டுட்டு ஓடினார். அந்தத் தொந்தியோட அப்படி ஒரு ஓட்டம்!" சிரித்தவள், சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஐயா யுத்தத்துலேர்ந்து வந்த மறுநாளே ஆரம்பிச்சுது. காலையில காரை எடுக்கப் போனா, முன்சக்கரத்துக்கு அண்டக் குடுத்தாப்பல ரெண்டு மரக்கட்டை. எடுத்துத் தூரப் போட்டாலும் மறுநாள் இருக்கும். தோட்டக்காரன் கோவிந்தப்பா வேலைன்னு அவனை அடிச்சுத் துரத்தினாங்க. பாவம். அவன் போன பிறகும் கட்டை இருந்துச்சு. அந்த நாய் கொட்டகையப் பாத்துக் கொலச்சுக் கொலச்சே செத்துப்போச்சு. ஐயா அப்புறம் காரைத் தொடவே இல்ல."

"யாரு வெச்சது?"

பிரிஜெட் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். "சாகறப்ப ஜுரத்துல எல்லாத்தையும் சொல்லிட்டாரும்மா. விமானத்துல ரெண்டே சீட்டு. 'சக்கரத்துக் கட்டைய எடுத்துட்டு பின்னால ஏறிக்கோ'ன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிக் கையக் காட்டியிருக்கார். அவர் குனிஞ்சு எடுத்தார். பின் சீட்டுல நாய் ஏறி உக்காந்துருந்துது. அதை எறக்கிவிட ஒரு நிமிஷம் ஆகும். குண்டு விழுது. ஐயா கெளப்பிட்டார். உன் வீட்டுக்காரர் ரெண்டு கையிலயும் கட்டையோட பின்னாலயே ஓடி வந்தாராம்..."

வெளியே மழை வலுத்தது.

"ஆளை விட்டுட்டு வந்தேன்னு எழுத முடியுமா? ஓடிப்போனான்னு எழுதிட்டார். வெளிய சொல்லக் கூடாதுன்னு ஐயாவோட அம்மா என் பைபிள் மேலயே என் கைய வெச்சு சத்தியம் வாங்கினாங்க. ஒரு வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்தேன். சத்தியத்தைக் காப்பாத்தறதும் சில சமயம் பாவம்னு இப்பத்தான் உறைச்சுது. சரளாவப் பாக்க வந்தவங்க வீட்டைக் காட்டு, நானே வந்து சொல்றேன்."

பாஞ்சாலி அழவில்லை. "அவர் ஓடல," என்றாள், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல். பிறகு எழுந்தாள். "கொட்டகையக் காட்டுங்க."

கதவைத் திறந்ததும் எலிப் புழுக்கையும் ஈரச்சுவரும் நாறின. அதற்கு அடியில் வேறொரு வாசனை. இன்ஜினில் கருகிய எண்ணெய். அவள் கல்லில் அடித்துத் துவைத்தும் வெங்கடசாமியின் சட்டையை விட்டுப் போகாத வாசனை.

பத்து வருஷத் தூசியோடு கார் நின்றது. முன்சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு கட்டைகள்.

கட்டைகள் நனைந்திருந்தன. அவற்றில் ஒட்டியிருந்தது இந்த ஊர்ச் செம்மண் இல்லை. கன்னங்கரிய சேறு.

கொட்டகைக்குள் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

வெகுதூரம் ஓடி வந்தவனின் மூச்சு. சக்கரத்தருகே, தரையோடு தரையாக.

பிரிஜெட் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சரளா நடைவண்டி தள்ளிய நாட்களில், வெங்கடசாமி அதன் சக்கரத்துக்குக் கல்லை வைத்துவிட்டுக் குழந்தையோடு விளையாடுவான். 'ரெண்டு கையையும் வெளிப்பக்கமா வீசு. பைலட் கைய வீசினாத்தான் நான் எடுப்பேன்' என்பான். அது பாஞ்சாலிக்கு நினைவிருந்தது.

கையை வீசினால் கட்டையை எடுத்துவிட்டுப் போய்விடுவார். அவரோடு இந்தப் பொட்டும் போகும். இத்தனை ஏச்சையும் தாங்கி அவள் காப்பாற்றியது அது ஒன்றைத்தான். வீசாவிட்டால் அவர் இங்கேயே குனிந்து கிடப்பார். ஒரு நிமிஷத்து இரக்கத்தை மிச்சம் பிடித்த ஸ்ரீகண்டன் புகழோடு செத்துப்போனான். இவர் முதுகு இன்னும் நிமிரவில்லை.

நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கார் கதவைத் திறந்து ஓட்டுகிறவர் இடத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு முன்னால் இரண்டு கைகளையும் உயர்த்தி, வெளிப்பக்கம் வீசினாள்.

மூச்சு நின்றது.

தரையில் கட்டைகள் உரசிக்கொண்டு விலகின. ஒன்று. மற்றொன்று.

"யாரும் உன்னை அவசரப்படுத்தல," என்றாள் பாஞ்சாலி. "நிதானமா போ மாமா."

காலடிகள் வாசல் பக்கம் போகும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

அவை காரைச் சுற்றிக்கொண்டு வந்தன.

பின்கதவு திறந்தது. மூடியது. ஒரு ஆளின் கனத்தில் சீட்டின் ஸ்பிரிங் முனகித் தாழ்ந்தது.

"பாஞ்சாலி," வாசலிலிருந்து பிரிஜெட் கிசுகிசுத்தாள். "எறங்கிடும்மா. திரும்பிப் பாக்காத. எறங்கி வந்துடு."

பாஞ்சாலியின் கை கதவுப் பிடிவரை போயிற்று. அங்கேயே நின்றது. அவள் இறங்கினால், ஏறிய பிறகும் அவரை விட்டுப் போனதாக ஆகும்.

கையை எடுத்துவிட்டாள்.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது மாமா," என்றாள்.

பின்னாலிருந்து ஈரமான கை ஒன்று அவள் தோளை இரண்டு முறை மெல்லத் தட்டியது. ஏறியாயிற்று, புறப்படலாம் என்பதுபோல்.