வரலையா, விடலையா?

"ரிப்போர்ட்டை நான் அனுப்பினேன் சார். என் பிள்ளை மேல சத்தியம்!" என்றாள் ஆஸ்பத்திரிக்கு வெளியே தனி லேபில் வேலை பார்க்கும் லேப் அக்கா.

முந்தின நாள் ஆஸ்பத்திரியில் ஒரு லாரி டிரைவர் இறந்துபோனார். ரத்தத்தில் பொட்டாசியம் எல்லை மீறிவிட்டது என்று சொல்லும் ரிப்போர்ட் டாக்டர் கைக்கு வந்து சேரவே இல்லை. பழி முழுக்க லேப் அக்கா தலையில். வேலை போய்விடும், போலீஸும் கூப்பிட்டிருந்தது.

"போன் போட்டேன், யாரும் எடுக்கல. மெயில்ல போட்டேன். 'அனுப்பியாச்சு'ன்னு காட்டுச்சு."

கேட்டுக்கொண்டிருந்த துப்பறிவாளருக்கு ஊரார் வைத்த பெயர் தந்தி. பேச்சு சுருக்கம், அவர் வாசலில் வந்து நின்றால் நல்ல சேதியும் இருக்காது. கூடவே அலையும் மைத்துனனுக்கோ வாய் ஓயாது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கண்கள் வீங்கி உட்கார்ந்திருந்தாள். "வரல சார். கண்ணு பூத்துப்போற வரைக்கும் ஸ்கிரீனையே பார்த்துக்கிட்டிருந்தேன்."

கணினி அதிகாரி ஏசி அறையில் தோரணையாக இருந்தார். "எங்க சர்வர் சுத்தம். பாதுகாப்புத் தணிக்கையில இப்பதான் பாஸாச்சு. அந்தம்மா மெயிலே அனுப்பல. கண்ட ஓட்டை மெஷின்லருந்து வர்றதை உள்ள விடலன்னா நாங்க பொறுப்பா?"

வெளியே வந்ததும் மைத்துனன் ஆரம்பித்தான். "அத்தான், லேப் அக்கா பொய் சொல்றாளோ? நர்ஸும் வரலங்குறா, இவரும் வரலங்குறாரு."

"இவர் எங்கடா வரலன்னார்?"

தந்தி எல்லோரையும் நர்ஸின் மேசைக்கு வரச்சொன்னார். உடலை வாங்கக் காத்திருந்த டிரைவரின் மனைவியும் அங்கே பெஞ்சில் இருந்தாள்.

"காணாததை எல்லாரும் 'வரல'ன்னுதான் சொல்வாங்க," என்றார் தந்தி அதிகாரியிடம். "கதவைச் சாத்தினவனுக்குத்தான் 'விடல'ன்னு வாயில வரும். அனுப்பவே இல்லாததை எப்படி சார் விடாம இருப்பீங்க?"

அதிகாரியின் முகம் செத்துவிட்டது.

"தணிக்கைக்காக, புது என்கிரிப்ஷன் பூட்டு தெரிஞ்ச சர்வரோட மட்டும் பேசணும்னு செட்டிங்கை இறுக்கிட்டீங்க. லேப் சர்வர் பழசு. அது வந்து தட்டத் தட்ட உங்க சர்வர் இணைப்பை வெட்டுது. மெயில் அங்கயே வரிசையில நிக்குது. அங்க 'அனுப்பியாச்சு', இங்க 'வரல'. ரெண்டும் உண்மை."

"ரூல் அப்படி சார்..."

"ரூல் சரிதான். இறுக்கப்போறோம்னு லேபுக்குச் சொன்னீங்களா? சொல்லல. டிரைவர் செத்ததும் உங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. தளர்த்தினா மெயில் வந்து விழும், குட்டு உடைஞ்சிடும். அதான் சாத்தினது சாத்தினபடியே இருக்கு."

"அடப்பாவி!" என்றான் மைத்துனன். "அப்ப மத்தவங்க ரிப்போர்ட்டும் அங்கதான் நிக்குதா?"

நர்ஸ் பதறி எழுந்தாள். "முதல்ல திறங்க சார்!"

அதிகாரி செட்டிங்கைத் தளர்த்தினார். லேப் அக்கா தன் ஆபீஸுக்குப் போன் போட்டு, நிற்கும் மெயில்களை மறுபடி தள்ளிவிடச் சொன்னாள். நர்ஸின் கணினி விடாமல் மணியடித்தது. முதலில் வந்தது டிரைவரின் ரிப்போர்ட்தான்.

லேப் அக்கா பெஞ்சருகே போய் நின்றாள். "பார்த்தியாம்மா? நான் அனுப்பினேன்."

"என்ன போட்டிருக்கு?" என்றாள் டிரைவரின் மனைவி.

நர்ஸ் தயங்கித் தயங்கி வாசித்தாள். "அவசரம். உடனே சிகிச்சை ஆரம்பிக்கவும்."

அந்தப் பெண் எழுந்து நேராக அதிகாரியின் முன்னால் வந்தாள்.

"உடனேன்னு போட்டிருக்குல்ல? கீழதான் படுத்திருக்காரு. வாங்க, ஆரம்பிங்க."