முதல் இழுப்பு

துப்பாக்கியை மேசைமேல் வைக்கும்போதே அதன் விசை பாதி இழுபட்டிருந்தது.

சின்னக்கண்ணு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய முந்நூற்று மூன்று ரகம், வெள்ளைக்காரன் காலத்து இரும்பு. பட்டாளத்தில் இருந்த வருஷமெல்லாம் இந்த ரகத்தைப் பிரித்து மாட்டியே அவனுக்குக் கை காய்த்துப் போயிருந்தது. இதன் விசைக்கு இரண்டு இழுப்பு. முதல் இழுப்பு லேசு, விரலை வைத்ததும் தானாக வரும். பிறகு ஓர் இடத்தில் தட்டும். அங்கே நின்று யோசிக்கலாம், சுடுவதா விடுவதா என்று. இரண்டாம் இழுப்பு கெட்டி. அதை எவனும் தெரியாமல் இழுத்துவிட முடியாது. இந்தத் துப்பாக்கியில் முதல் இழுப்பு முடிந்து, விசை அந்தத் தட்டும் இடத்தில் நின்றுகொண்டிருந்தது. மரக்கட்டை மழை ஈரத்தில் ஊதியிருக்கும், அதுதான் விசையை அழுத்துகிறது என்று நினைத்துக்கொண்டான்.

வல்லத்துக்குப் பக்கத்தில் வேங்கடேசன் வீட்டுப் பின்கட்டில், மோட்டார் சாமான் போடும் அறை அது. ஒரே வாசல். தகரக் கூரையில் ஐப்பசி மழை இடைவிடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. பகல் மூன்று மணிக்கே இருட்டி, மங்கலாக எரிந்த குண்டு பல்பின் கீழே டீசல் நாற்றமும், மல்லாட்டை மூட்டையில் புழுங்கும் வேர்க்கடலை வாசனையும், எங்கிருந்தோ பழைய சந்தன வாசனையும் சேர்ந்து மூக்கை அடைத்தன. சின்னக்கண்ணுவை முன்வாசல் வழியாக இன்றைக்கும் கூப்பிடவில்லை. பட்டாளத்தில் ஹவில்தார் சாப், இங்கே பின்வாசல்.

"ஆயுத பூஜைக்குப் பூசுன சந்தனம்டா," என்றார் வேங்கடேசன். "காஞ்சு போயி ட்ரிகர்ல சிக்கிக்கிச்சு. பன்னி வெரட்ட எடுத்தேன், கையில இருக்கும்போதே தானா வெடிச்சிட்சி. இன்னா பண்றது, அவ தலையெழுத்து. போலீசும் அப்படித்தான் எழுதிக்கினு போனாங்க."

அவ என்றது பொன்னியை. அறுவடை முடிந்த அவர் கொல்லையில் மண்ணுக்குள் விட்டுப்போன மல்லாட்டையைக் கிளறிப் பொறுக்க வந்தவள். அவள் சின்னக்கண்ணுவுக்குச் சித்தப்பா மகள், தங்கச்சி முறை. அவள் புருஷன் விருத்தாசலம் இந்த வீட்டில்தான் மாட்டுக்கு வைக்கோல் போடுகிறான். பெண்டாட்டியைப் புதைத்துவிட்டு வந்து மறுபடியும் அதே வைக்கோலைத்தான் போட்டுக்கொண்டிருந்தான். இப்போதும் வாசலுக்கு வெளியே, கூரை இறவாணத்தின் கீழே, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அதான் முடிஞ்சி போச்சிங்களே. இப்ப இன்னா ரிப்பேரு?" என்றான் சின்னக்கண்ணு.

வேங்கடேசன் குரலைத் தாழ்த்தினார். "பீரோல பூட்டி வச்சாலும் டொக்கு டொக்குன்னு சத்தம் கேக்குது. தோட்டா கெடையாது, ஒண்ணும் கெடையாது. வூட்ல பொம்பளைங்க தூங்க மாட்டேன்றாங்க. பேஜாரா கீது. ஜல்தி பாரு."

பிரித்தான். தோட்டா அறை காலி, விரலை விட்டும் பார்த்தான். விசையைச் சுற்றி வெளியே சந்தனம் காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருந்தது, நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டு உள்ளே பார்த்தான். சந்தனம் ஒரு துளிகூட உள்ளே போகவில்லை. சுடும் ஊசியைப் பிடித்து நிறுத்தும் கொக்கி கூர்மையாக, எண்ணெய்ப் பசையோடு, புதுசு மாதிரி இருந்தது. ஸ்பிரிங் நல்ல ஸ்பிரிங். மரமும் ஊதவில்லை.

இந்தத் துப்பாக்கி தானாக வெடிக்காது. இரண்டாம் இழுப்பைக் கெட்டியாக, வேண்டுமென்றே, ஒரு விரல் இழுத்திருக்கிறது. ஒரு முந்தானை மல்லாட்டைக்காக.

வயிறு எரிந்தது அவனுக்கு. ஆனால் எரிந்து என்ன செய்ய? திண்டிவனம் ரோட்டில் அவன் வெல்டிங் பட்டறை நிற்கும் இடம் வேங்கடேசனுடையது. அந்த மனுஷர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுப்பு அணைந்துவிடும். எல்லாவற்றையும் துடைத்து மாட்டினான். சுவரைப் பார்த்து விசையை இழுத்தான். லேசான இழுப்பு, தட்டல், கெட்டி இழுப்பு, டொக். அருமையாக வேலை செய்தது. மறுபடி போல்ட்டை இழுத்து மூடி வைத்தான்.

"சரியாத்தான் கீதுங்க," என்று துப்பாக்கியைக் கையில் தூக்கித் திரும்பினான்.

குழாய் முனை வாசலைக் கடந்தது. விருத்தாசலத்தின் முதுகைக் கடந்தது. விசை தளர்வாகத்தான் இருந்தது. முனை வேங்கடேசன் பக்கம் வந்ததும் விசை பின்னால் போனது.

அவன் விரல் அதில் இல்லை. துப்பாக்கியை இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்துத்தான் தூக்கியிருந்தான். விசை மெல்ல, நிதானமாக, பழகிய விரல் இழுப்பது போல வந்து, தட்டும் இடத்தில் நின்றது.

வேங்கடேசன் சட்டென்று நகர்ந்து அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். அப்போதுதான் சின்னக்கண்ணுவுக்கு உறைத்தது. இந்த மனுஷர் வந்ததிலிருந்து ஒரு தடவைகூடக் குழாய்க்கு முன்னால் நடக்கவில்லை. மேசையைச் சுற்றிச் சுற்றிப் பின்னாலேயே போய்வந்துகொண்டிருந்தார். தானாக வெடித்தது என்று ஊரெல்லாம் சொன்னார். இப்போது அது தானாகவே இழுக்கிறது.

துப்பாக்கியை மேசைமேல் வைத்தான். விசையின் வளைவில் ஈரமாகக் கொல்லைச் செம்மண் ஒட்டியிருந்தது. துணியால் துடைத்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் மண் கசிந்து வந்தது, நகக்கண் அளவுக்கு.

"மச்சான்."

விருத்தாசலம் எழுந்து வாசலில் நின்றான். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேசைக்கு நேர் எதிரே, குழாய்க்கு நேர் முன்னால் நின்றான். விசை அசையவே இல்லை.

"பிரிச்சுப் பாத்தியா மச்சான்?"

"பாத்தேன்டா."

"சந்தனந்தானா?"

பின்னால் வேங்கடேசனின் மூச்சு பிடரியில் பட்டது.

"இல்ல, எதுக்குக் கேக்கறேன்னா," என்றான் விருத்தாசலம், "ஐயா எம் பொண்ண வூட்டு வேலைக்கு வுடச் சொல்றாரு. அவ அம்மா செஞ்ச வேலைதான். தானா வெடிச்சிதுன்னா வுட்டுடலாம். அது யாரு தப்பும் இல்ல. வேற மாதிரின்னா... நீ பட்டாளத்துல இருந்தவன். நீ சொன்னா நம்பறேன்."

அவன் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கெஞ்சிக்கொண்டு நின்றான், எப்படியாவது சந்தனம் என்று சொல்லிவிடு என்பது போல.

சின்னக்கண்ணு கையிலிருந்த துணியை மடித்தான்.

"சந்தனந்தான்டா."

விருத்தாசலம் தலையை ஆட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்ப சரி மச்சான். நாளைக்கே கூட்டியாந்து வுட்டுட்றேன்." திரும்பிப் போய் இறவாணத்தின் கீழே முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

வேங்கடேசன் சின்னக்கண்ணுவின் தோளைத் தட்டினார். அந்தக் கை இத்தனை வருஷத்தில் அவனைத் தொட்டதே இல்லை.

"நல்ல ஆளுடா நீ."

ஏதோ உராயும் சத்தம் கேட்டது.

மேசையைப் பார்த்தான். துப்பாக்கி நகர்ந்துகொண்டிருந்தது. எண்ணெய் சிந்திய பலகைமேல், அடிக்கட்டை ஓரிடத்தில் நிற்க, குழாய் மட்டும் கடிகார முள் மாதிரி திரும்பியது. வாசலை விட்டு. மூட்டையைத் தாண்டி. அவர்கள் நின்ற பக்கமாக.

இருவரும் பின்வாங்கினார்கள். சுவர் முதுகில் இடித்தது. ஓட வேண்டுமானால் குழாய்க்கு முன்னால்தான் ஓட வேண்டும்.

தோட்டா இல்லை. விரலை விட்டுப் பார்த்தேனே. இல்லை. இல்லை.

குழாய் முனை வேங்கடேசன் நெஞ்சுக்கு வந்தது. விசை பின்னால் போனது. தட்டியது. நின்றது. பிறகு தளர்ந்தது.

நகர்ந்தது.

அவன் நெஞ்சுக்கு வந்தது.

விசை பின்னால் போனது. மண் பூசிய அந்த வளைவு, மெல்ல, மெல்ல. தட்டியது. நின்றது. தளரவில்லை.

யோசிக்கிறது. அவனுக்குத் தெரிந்தது. அது காத்திருக்கிறது. சுடுவதா விடுவதா என்று அது யோசிப்பது அவன் வாயைப் பார்த்து.

வாசலில் விருத்தாசலத்தின் முதுகு தெரிந்தது. கூப்பிடும் தூரம். ஒரு வார்த்தை. சந்தனம் இல்லடா. அவ்வளவுதான். அதற்கு எவ்வளவு மூச்சு வேண்டும்?

"விருத்தாசலம்," என்றான்.

சாக்கு திரும்பியது. "இன்னா மச்சான்?"

பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்ற வேங்கடேசன் அவனைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சாவு பயத்திலும் பண்ணைக்காரப் பார்வை மாறவில்லை.

"ஒண்ணுமில்லடா," என்றான் சின்னக்கண்ணு.

விசை இரண்டாம் இழுப்புக்கு நகர்ந்தது.